தையலுக்கு விட்ட அரை இன்ச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கணவன் கிடையாது, நாத்தனார் உண்டு. கணவன் வேண்டும், அவனோடு ஒட்டிக்கொண்டு வரும் நாத்தனார் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான பெண்கள் நினைப்பார்கள். எனக்கு மட்டும் எல்லாம் தலைகீழாக அமைந்தது.

பதிமூன்று வருஷம் அந்த மனிதரை 'அவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் 'அவன்' என்று மாற்றிக்கொண்டேன். அந்தக் கல்யாணத்தில் எனக்குச் செலவில்லாமல் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "எனக்கு அலுத்துப்போச்சு" என்றான். நான் காய்கறியைச் சொல்கிறான் என்று நினைத்தேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறான்.

நாத்தனார் அவனுக்கு இளையவள். நான் அந்த வீட்டுக்குள் வந்தபோது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறாள். ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. கொஞ்சம் கூடினால் லென்ஸ் உள்ளே போகாது, கொஞ்சம் குறைந்தால் போட்டவர் குனியும்போது டீ டம்ளருக்குள் விழும். கல்யாணம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

நான் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீள மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. ஸ்கூல் யூனிஃபார்மிலிருந்து கல்யாண உடுப்பு வரை எல்லாம் வெட்டுவேன். அளவு எடுக்கும்போது இடுப்புச் சுற்றளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். என் கடைக்கு இவ்வளவு பேர் வருவதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

அவன் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் கார் நின்ற ஷெட் காலியாகக் கிடந்தது. மேலே தகரம், கீழே சிமென்ட் தரை, தரையில் கார் விட்டுப்போன எண்ணெய்க் கறை. நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"அண்ணி, கார் ஷெட்டு காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு. ஏன், நீ வந்து நிக்கப்போறியா?"

"ஒரு படகு செய்யலாம்னு இருக்கேன்."

காதில் விழுந்தது சரிதானா என்று இன்னொரு தரம் கேட்டேன். சரிதான். கயாக் என்று பெயராம். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போகிற ஒல்லிப் படகு. மரத்தில் செய்வதற்கான வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"அதை உன் ஃப்ளாட்லயே செய்யேன்."

"நாலாவது மாடி அண்ணி. படகு பதினாறு அடி. ஹால்ல ஆரம்பிச்சா வாலு பக்கத்து வீட்டுக்காரர் பெட்ரூம்ல போய் நிக்கும்."

சிரித்துவிட்டேன். சிரித்தால் சம்மதம் என்று அந்த வீட்டு ஆட்களுக்கு ஓர் எண்ணம். அடுத்த வாரமே பிளைவுட் வந்து இறங்கியது.

படகு கட்டுவது என்றால் ஆணி, சுத்தியல், பெரிய பெரிய ஆசாரிகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. மெல்லிய பிளைவுட்டை நீள நீளமான பட்டைகளாக அறுக்க வேண்டும். அடிப்பக்கத்துக்கு இரண்டு, பக்கவாட்டுக்கு இரண்டு. பட்டைகளின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் துளை போட்டு, பக்கத்துப் பட்டையோடு சேர்த்துச் செம்புக் கம்பியால் முடிச்சுப் போட வேண்டும். கம்பியை முறுக்க முறுக்கத் தட்டையாகக் கிடந்த பலகை எழுந்து வளைந்து படகாகும். பிறகு உள்ளே பசை பூசி, அது இறுகியதும் கம்பியை உருவிவிடலாம்.

"தையல்தான் அண்ணி," என்றாள். "இத உங்கள விட்டா யாரு செய்வா?"

ஐஸ் வைக்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே உருகினேன்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தாள். காலையில் கேட் திறக்கிற சத்தம் கேட்கும். டீ குடித்துவிட்டு இருவரும் ஷெட்டுக்குப் போவோம். அவள் கோடு போடுவாள், நான் பலகையைப் பிடித்துக்கொள்வேன். அவள் அறுப்பாள், நான் தூளைக் கூட்டுவேன். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கடைக்கு வந்து, "எனக்கு வயசாகலன்னு காட்டற மாதிரி ஒரு கண்ணாடி குடுங்க" என்று கேட்ட கிழவரைப் பற்றிப் பேசினோம். போன வருஷத்து அளவிலேயே தைத்துக் கொடு என்று அடம்பிடித்து, உடுப்புக்குள் நுழைய முடியாமல் என் மேலேயே பழி போட்ட அம்மாளைப் பற்றிப் பேசினோம். வாரத்தில் ஆறு நாள் நான் பேசுவது எல்லாம் கை நீளமும் கழுத்து ஆழமும்தான். ஏழாவது நாள்தான் மனுஷியாகப் பேசினேன்.

படகு பாதியில் இருக்கும்போதுதான் கோர்ட் தீர்ப்பு வந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் இவள் அத்தை. எந்தக் கோர்ட்டும் அதைத் தொட்டிருக்க முடியாது. எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்திருந்த ஒரே முடிச்சு அவன். அதுவும் அவிழ்ந்துவிட்டது. இனி அவள் எனக்கு யார்? என்ன உரிமையில் வருவாள்? அந்த வாரம் முழுக்க இதே யோசனை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்து வைத்தேன்.

ஞாயிறு காலை கேட் திறந்தது. பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள், எதுவும் நடக்காதது போல. எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஒழுங்காக இருந்ததா என்றால், இல்லை. உடனே அடுத்த சந்தேகம் எழுந்தது. இவள் எனக்காக வருகிறாளா, ஷெட்டுக்காக வருகிறாளா? படகு முடிந்துவிட்டால்? ஒரு வண்டியைக் கூப்பிட்டு, ஏற்றிக்கொண்டு, "தேங்க்ஸ் அண்ணி" என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டால்? அதற்கப்புறம் என் ஞாயிற்றுக்கிழமையை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கேட்டுவிடலாம்தான். ஆனால் எனக்கு வாய் மட்டும்தான் நீளம், தைரியம் குட்டை. "ஷெட்டுக்காகத்தான்" என்று அவள் சொல்லிவிட்டால் தாங்க மாட்டேன். அதனால் கேட்காமல் இருந்தேன். வேலை வேகமாக நடந்த நாட்களில் சிடுசிடுவென்று இருந்தேன். அவள் காரணம் புரியாமல் இன்னொரு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள்.

நான் செய்த தப்பு இந்த நாட்களில்தான் நடந்தது.

இடது பக்கத்துப் பட்டையும் வலது பக்கத்துப் பட்டையும் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காக இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் அறுக்கச் சொல்லி வரைபடத்தில் போட்டிருந்தது. ஆனால் இந்தப் பட்டைகளுக்குப் பலகை வாங்கப் போன அன்றைக்கு மரக்கடையில் பாதிதான் இருந்தது. இடது பக்கத்தை மட்டும் அவள் அறுத்துவிட்டுப் போனாள். மீதிப் பலகை வாரத்தின் நடுவில் வந்தது. "இதையே வெச்சு அளவெடுத்து இன்னொண்ணு அறுத்து, துளையும் போட்டு வெச்சிடுங்க அண்ணி, ஞாயித்துக்கிழமை கட்டிடலாம்" என்று போனில் சொன்னாள். ரம்பம் என்னிடம்தான் இருந்தது; கையில் பிடித்து அறுக்கிற சின்ன மின்ரம்பம். கத்தரிக்கோலைவிடக் கொஞ்சம் சத்தம் அதிகம், அவ்வளவுதான். அவள் அறுத்த பட்டையைப் புதுப் பலகைமேல் வைத்து, துணிக்குப் போடுகிற சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்து, அழகாக அறுத்து, துளையும் போட்டு வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு உட்கார்ந்து கட்டினோம். படகின் நடுவில் தொடங்கி இரண்டு முனைகளையும் நோக்கிக் கட்டிக்கொண்டே போனோம். நடுவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முனையை நெருங்க நெருங்க ஒரு பக்கத் துளை முன்னால் ஓடியது, மறு பக்கத் துளை பின்தங்கியது. இன்னும் முறுக்கினால் சரியாகிவிடும் என்று நான் முறுக்கினேன். முழுக்க எழுந்து நின்றபோது படகு, கழுத்துப் பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தாள், படுத்துப் பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்து என் பட்டையை அளந்தாள், அவள் பட்டையை அளந்தாள், மறுபடியும் என்னுடையதை அளந்தாள்.

"அண்ணி," என்றாள், "தையலுக்கு விட்டு வெட்டினீங்களா?"

"பின்ன? தையலுக்கு விடாம எப்படித் தைக்கறதாம்?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கோட்டுக்கு வெளியே சுற்றிலும் அரை இன்ச். துணி வெட்டுகிற எவளும் கோட்டின் மேலேயே வெட்ட மாட்டாள். ஓரத்தில் துணி விட்டால்தான் மெஷின் பிடிக்கும், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விடவும் முடியும். பலகைக்கு அதெல்லாம் தேவையில்லை, ஓரமும் ஓரமும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இது என் மூளைக்குத் தெரியும். என் கைக்கு யாரும் சொல்லவில்லை. படகு முடியக்கூடாது என்று வேண்டுமென்றே செய்தேனோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன். இல்லை, எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. தரையில் உட்கார்ந்து, எண்ணெய்க் கறைமேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நல்லதாப் போச்சு அண்ணி, நல்லதாப் போச்சு" என்று வேறு சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தொழில் செய்கிறவளைப் பார்த்து நல்லதாப் போச்சு என்றால் என்ன அர்த்தம்? குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவன் வந்தான். ஷெட் மூலையில் பழைய டயரும் ஜாக்கியும் கிடந்தன, எடுத்துக்கொண்டு போக வந்திருந்தான். மனதுக்குள் 'அவன்' என்றாலும் நேரில் பார்த்ததும் "வாங்க" என்று வந்துவிட்டது. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அவன் படகைச் சுற்றி வந்தான். எந்த வண்டியைப் பார்த்தாலும் டயரை உதைத்துப் பார்ப்பது அவன் வழக்கம். டயர் இல்லாததால் பலகையைத் தட்டிப் பார்த்தான்.

"என்ன குட்டி, படகு ஒரு பக்கமாப் பாக்குது? தண்ணில விட்டா வட்டம் போட்டுக்கிட்டே இருக்குமே."

"அளவு கொஞ்சம் மாறிப்போச்சுண்ணா," என்றாள். யார் அளவு என்று சொல்லவில்லை.

"இங்க எதுக்கு வந்து கஷ்டப்படற? புது வீட்ல எனக்குப் பெரிய ஷெட்டு இருக்கு. லைட்டு, ஃபேனு, எல்லாம். ஆள் வெச்சா ஒரே வாரத்துல முடிச்சுக் குடுத்துடுவாங்க. நாளைக்கே வண்டி அனுப்பட்டுமா?"

என் காது இரண்டும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு 'வேண்டாம்'. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

"பாக்கலாம்ணா," என்றாள்.

அவன் டயரை உருட்டிக்கொண்டு போனான். கேட் மூடியதும் நான் ஆரம்பித்தேன்.

"அதான் பெரிய ஷெட்டு கெடைச்சாச்சே. லைட்டு, ஃபேனு எல்லாம் இருக்காம். எடுத்துக்கிட்டுப் போயேன்."

"அண்ணி, நான் அப்படிச் சொல்லலையே."

"வேண்டாம்னும் சொல்லலையே. இங்க இருந்தா நான் தப்புத் தப்பா வெட்டுவேன், நீ உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கணும். அங்க ஆள் வெச்சு ஒரே வாரத்துல முடிச்சிடுவாங்க."

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போ."

இந்த 'போ' இருக்கிறதே, இதைச் சொல்லும்போது யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம். போகாதே என்று அவள் காதில் விழும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. கேட்டைத் திறந்தது பால்காரர் ஒரு தரம், தண்ணீர் கேன்காரர் ஒரு தரம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊசியைக் கீழே போட்டேன். போன் செய்யலாம் என்று எடுத்தேன், வைத்தேன். அவள் கோபித்துக்கொண்டு போனவள், அவளே வரட்டும் என்று ஒரு மனசு. துரத்தியதே நீதானே என்று இன்னொரு மனசு. இரண்டும் சண்டை போட்டதில் நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். படகு மறுபடி தட்டையாகித் தரையில் படுத்தது. அவள் பட்டையை என் பட்டைமேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே அறுக்க உட்கார்ந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று துணி வெட்டாதவர்களுக்குப் புரியாது. ரம்பம் கோட்டைத் தொட்டதும் கை தானாக வெளியே நழுவும். இழுத்து உள்ளே கொண்டுவர வேண்டும். நான் போட்டு வைத்திருந்த துளைகள் எல்லாம் அறுபட்ட ஓரத்தோடு போயின.

அறுத்துக்கொண்டே யோசித்தேன். துணியில் விட்டு வைப்பது ஒரு பழக்கம் என்றால், அதை நான் மனுஷர்களிடமும் செய்துகொண்டிருந்தேன். அவனிடம் பதிமூன்று வருஷம் விட்டு வைத்தேன். அவன் முகம் சுளித்த போதெல்லாம் ஒரு தையலைப் பிரித்து இடம் கொடுத்தேன். கடைசியில் பிரிப்பதற்குத் துணி இல்லாமல் போனது, அவனும் போனான். இவளிடமோ அதற்கு நேர்மாறாக, விட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல்கூட விடவில்லை. "பாக்கலாம்" என்று சொன்னதற்கு "போ" என்றேன். அண்ணனுக்கு எதிரில் அவள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? எனக்கு அழுகை வந்தது. பலகைத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்வதற்குக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை, அதனால் தாராளமாக அழுதேன்.

இரண்டாவது ஞாயிறும் அவள் வரவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. அவள் ஏன் வருகிறாள், எதற்கு வருகிறாள், வருவாளா மாட்டாளா என்றே இத்தனை நாள் உருகிக்கொண்டிருந்தேனே, நான் ஒரு தடவையாவது அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேனா? தனி ஃப்ளாட் எடுத்து இத்தனை காலமாயிற்று. விலாசம் தெரியும், பஸ் தெரியும். போனதில்லை. அண்ணி வீட்டுக்கு நாத்தனார் வருவதுதானே முறை என்று வசதியாக இருந்துவிட்டேன்.

போவது என்று முடிவு செய்தேன். வெறும் கையோடு எப்படிப் போவது? ஒரு சாக்கு வேண்டாமா? அவளுடைய ரம்பம் ஷெட்டில் இருந்தது. அதை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்லலாம். மேற்கொண்டு என்ன நடக்கிறதோ பார்த்துக்கொள்ளலாம். பையிலிருந்து ரம்பத்தின் பல் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு கடைசி வரை காலியாகவே இருந்தது.

அவள் இருந்த கட்டடத்தில் கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துகிற இடம். தூண்களுக்கு நடுவில் வரிசையாகக் கார்கள். சுவரில் ஒவ்வொரு ஃப்ளாட்டின் எண்ணும் பெரிதாகப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. லிஃப்டைத் தேடிக்கொண்டு போனவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அவள் ஃப்ளாட் எண். அதற்குக் கீழே மூலையில் அவளுடைய ஸ்கூட்டர். ஸ்கூட்டரைத் தவிர அந்த இடம் முழுக்க வெறுமை. சுத்தமான சிமென்ட் தரை, தலைக்கு மேலே டியூப்லைட், சுவரில் பிளக் பாயின்ட்டுகூட இருந்தது. என் ஷெட்டைவிட நீளம்.

வாட்ச்மேன் என் பையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "யாரைப் பாக்கணும்?"

நான் அந்த எண்ணைக் காட்டினேன். "இந்த எடம் யாரோடது?"

"அந்த ஃப்ளாட்டு மேடத்தோடதுதான். அவங்க வந்ததுலேர்ந்து இப்படியேதான் கெடக்கு. வாடகைக்குக் கேட்டாங்க, குடுக்கல. ஏதாவது மர வேலைன்னா இங்கயே செய்யலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போன வருஷம் ரெண்டாவது மாடிக்காரர் அவரோட பார்க்கிங்ல கட்டிலே செஞ்சாரு."

நான் தூணில் சாய்ந்துகொண்டேன். வாட்ச்மேன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்த்தாள்.

"திருப்பிக் குடுக்க வந்தீங்களா அண்ணி?" என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"கீழ உன் பார்க்கிங்கைப் பாத்தேன்."

அவள் கதவுப் பிடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கார் வாங்கலாம்னு வெச்சிருக்கேன்," என்றாள்.

"உனக்குக் கார் ஓட்டத் தெரியாதே."

"கத்துக்கலாம்னு..."

"பொய் சொல்றதுன்னா கொஞ்சம் முன்னாடியே தயார் பண்ணி வெச்சுக்கணும்டி," என்றேன்.

அவள் என்னை உள்ளே இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளும் தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் ரம்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் போனப்புறம் நான் ஒரு தடவ சும்மா உங்களப் பாக்க வந்தேன், ஞாபகம் இருக்கா? வந்ததும் நீங்க என்ன கேட்டீங்க தெரியுமா? 'என்ன, உங்க அண்ணன் வேவு பாக்க அனுப்பினாரா'ன்னு கேட்டீங்க. அம்மா வீட்டுக்குப் போனா அவங்க, 'அங்க உனக்கு இன்னும் என்ன வேலை'ன்னு கேக்கறாங்க. சும்மா போறேன்னா அவங்களும் நம்பல, சும்மா வந்தேன்னா நீங்களும் நம்பல. அதான் ஒரு வேலையாத் தேடினேன். சீக்கிரத்துல முடியாத வேலையா."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து சாதித்தது எல்லாம் போதும்.

"கூடை பின்னலாமான்னு பாத்தேன். ஒரு வாரத்துல முடிஞ்சிடுமாம். அலமாரின்னா ஒரு மாசம். கடையில கெடந்த ஒரு பத்திரிகைல இந்தப் படகைப் போட்டிருந்தாங்க. கத்துக்குட்டிங்க செஞ்சா ஒரு வருஷம்கூட ஆகும்னு இருந்துச்சு. அதான் எடுத்துக்கிட்டேன்."

"அப்போ அன்னிக்கு நல்லதாப் போச்சுன்னு சொன்னது?"

"எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி கட்டணுமே, இன்னும் ரெண்டு மாசம் ஓடுமேன்னு சந்தோஷத்துல சொன்னேன். நீங்க கோவிச்சுக்கிட்டீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முடிவில் சந்தோஷம் ஜெயித்தது, ஆனால் அழுகையாகத்தான் வெளியே வந்தது. அவளும் அழுதாள். ஒரு ரம்பத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகள் அழுவதை யாராவது பார்த்திருந்தால் போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள்.

"பலகையெல்லாம் பிரிச்சு சரியா அறுத்து வெச்சிருக்கேன்," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கோட்டு மேலயே."

"ஐயோ, ஏன் அண்ணி? ரெண்டு மாசத்தைக் கெடுத்துட்டீங்களே."

"போகுது போ. முடிச்சு எங்கதான் ஓட்டப்போற அதை?"

"ஓட்டறதா?" என்று நிமிர்ந்தாள். "எனக்கு நீச்சலே தெரியாது. தண்ணின்னாலே பயம் எனக்கு."

நான் அவளையே பார்த்தேன். "எனக்கும் தெரியாதுடி."

சிரித்து ஓய்ந்தபோது அவள் முகம் மறுபடி சின்னதாகிவிட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். இத்தனை மாசமாக நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

"படகு முடிஞ்சப்புறம் என்ன சொல்லிக்கிட்டு வரது அண்ணி?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அம்மா கேட்டா அண்ணி கூப்பிட்டாங்கன்னு சொல்லு. நீ சும்மா வா."

அவள் தலையாட்டினாள். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இந்த ஒரு வார்த்தையை அவள் முதல் தடவை சும்மா வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மரமாவது பிழைத்திருக்கும்.